பந்துக்குத்தான் வந்தாராம்!

முந்தாநாள் என் பதிவின் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். பார்க்காதவர்கள் தேட வேண்டாம், பாதியை அழித்துவிட்டார்கள்.

1982 கால்பந்து உலகக் கோப்பை அரையிறுதி, செவில்லா, பிரான்ஸ் - மேற்கு ஜெர்மனி. பிரான்ஸின் பாட்டிஸ்டோன் மேல் ஜெர்மன் கோல்கீப்பர் ஷூமாகர் மோதினாரே, அதைப் பற்றித்தான் பேச்சு. "கோல்கீப்பர் பந்துக்குத்தானே வந்தார்" என்கிறார் ஒரு நிபுணர். அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். எந்தப் பந்து சார்? பாட்டிஸ்டோன் உதைத்த பந்து தாண்டிப் போயாகிவிட்டது. ஷூமாகர் காற்றிலேயே உடம்பைத் திருப்பி இடுப்பால் முகத்தில் இடித்தார். பல் போயிற்று, முதுகெலும்பில் அடி, மனிதருக்கு நினைவே இல்லை. இறந்துவிட்டார் என்றே பிரான்ஸ் கேப்டன் பிளாட்டினி நினைத்தாராம். நடுவர் கோர்வர் கொடுத்தது என்ன? கோல் கிக், அதாவது பந்து ஷூமாகர் அணிக்கே! ஃபவுல்கூட இல்லை.

கூடுதல் நேரத்தில் 3-1 எனப் பின்தங்கிய ஜெர்மனி அதிலிருந்து மீண்டதே, அது வீரமில்லையா என்பீர்கள். வீரம்தான். ஃபிஷர் பின்புறமாகப் பாய்ந்து அடித்த கோலை இன்றும் வாய்பிளந்து பார்ப்பேன். ஆனால் அன்று இரண்டு மாற்று ஆட்டக்காரர்களுக்குத்தான் அனுமதி. பாட்டிஸ்டோனே மாற்றாக வந்தவர். அவரைத் தூக்கிக்கொண்டு போனதும் பிரான்ஸின் இரண்டாவது வாய்ப்பும் தீர்ந்தது. கூடுதல் நேரத்தில் களைத்த கால்களோடு ஓடியவர்களைப் பார்த்து 'மனவுறுதி இல்லை' என்கிறீர்கள். நல்லா இருக்கு.

"மாரடோனா கையால் போட்ட கோலைக் கொண்டாடுகிறவர்தானே நீ?" ஆமாம், கொண்டாடுகிறேன். அதில் யார் பல்லும் உடையவில்லை. அடுத்து.

கல்லூரியில் விங்கில் ஆடியபோது ஒரு கீப்பரின் முழங்கால் என் விலாவில் ஏறியது. மூச்சு வரவில்லை. அவன் பந்தை வைத்துக்கொண்டு உதைக்கத் தயாராக நிற்கிறான். அதுகூடப் பரவாயில்லை. என் அணிக்காரனே "எழுந்திருடா, நடிக்காதே" என்றான். இன்றைக்கும் குளிர்காலத்தில் அந்த இடம் வலிக்கும். பந்துக்குத்தான் வந்தானாம்.

உங்கள் சிரிப்புக் குறிகளைப் பார்த்ததும் அந்த அணிக்காரன் குரல்தான் கேட்டது. சிரித்தவர்களில் இருவர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள், பெயர் சொல்லவில்லை.

பாட்டிஸ்டோனே மன்னித்துவிட்டாரே, உனக்கென்ன என்று இன்பாக்ஸில் வேறு. பல்லுக்கு உறை போடும் செலவைத் தருகிறேன் என்று ஷூமாகர் அன்றிரவு சொன்னதை மறந்துவிட்டீர்களா? பிறகுதான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். அவர் மன்னிக்கலாம், அடி வாங்கியவர். நீங்கள் யார் சார் அவர் சார்பில் சிரிக்க?