சயாமாவுக்கு இன்னொரு பச்சைத் துணி

இங்கே மியான்மரில், மகள் வகுப்பின் வைபர் குழுவில் போன வாரம் ஒரு பட்டியல் வந்தது. இருபத்தேழு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு தொகை. தடிஞ்சுட் திருவிழா வருகிறது, சயாமாவுக்கு, அதாவது ஆசிரியைக்கு, கடோ என்கிற மரியாதை செய்ய வசூல். முதல் பெயருக்கு எதிரே 50,000 கியாட். கீழே இறங்க இறங்க இருபதாயிரம், பத்தாயிரம். கடைசி மூன்று பெயர்களுக்கு எதிரே வெறும் கோடு. அதில் ஒன்று என் மகள். இன்னொன்று எங்கள் தெருமுனையில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ் விற்கும் அக்காவின் பையன்.

நான் மறந்துபோனேன், அவ்வளவுதான். அந்த அக்கா மறக்கவில்லை.

விபிஎன் போட்டுக்கொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு இதை எழுத உட்கார்ந்தது அந்தக் கோட்டைப் பார்த்த எரிச்சலில்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். புரட்டாசி, ஐப்பசி வாக்கில் வரும் பௌர்ணமிதான் இங்கே தடிஞ்சுட், விளக்குத் திருவிழா. பெரியவர்கள் முன்னால் தரையில் உட்கார்ந்து கும்பிட்டு, கையில் ஏதாவது கொடுத்து ஆசி வாங்குவது கடோ. பள்ளிக்கூடத்திலும் உண்டு. சயாமாக்கள் வரிசையாக நாற்காலியில் இருப்பார்கள், பிள்ளைகள் பாயில். புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்துக் கும்பிடுகிற நாடு இது. மாதா பிதா குரு தெய்வம் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இதில் அந்நியமாக ஒன்றும் இல்லை. மகள் பாயில் நெற்றி படக் குனிந்து கும்பிடுவதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறையும். கடோ எனக்குப் பிரச்சினையே இல்லை. அதற்கு எதிரே தொகை போடுவதுதான் பிரச்சினை.

நான் தையல்காரி. அரசுப் பள்ளி ஆசிரியைகளுக்கு வெள்ளைச் சட்டை, இடுப்பில் சுற்றிக் கட்டும் பச்சைத் தமெய்ன் என்பது உங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்துச் சயாமாக்கள் என்னிடம்தான் தைக்கக் கொடுப்பார்கள். போன மழைக்காலத்தில் ஒருவர் பழைய தமெய்ன் ஒன்றைக் கொண்டுவந்தார். கீழ் ஓரம் நைந்து நூல் நூலாகத் தொங்கியது. தமெய்னுக்கு இடுப்பில் ஒரு கறுப்புப் பட்டி வைத்துத் தைப்போம் அல்லவா, அதைப் பிரித்து நைந்த ஓரத்தில் வைத்து, துணியைத் தலைகீழாக்கித் தரச் சொன்னார். கிழிசல் இடுப்புக்குப் போய்ச் சட்டைக்குள் மறைந்துவிடும். ஒரே நிறம், பூ கிடையாது என்பதால் யாருக்கும் தெரியாது. நல்ல யோசனைதான். ஆனால் அதே துணியை முந்தின வருஷம் நானே ஒருமுறை சுருக்கித் தைத்திருந்தேன்.

“புதுத் துணி எடுக்கக் கூடாதா சயாமா?” என்று கேட்டுவிட்டேன். சிரித்தார். அலமாரியில் புதுப் பச்சைத் துணி பதினொன்று இருக்கிறதாம். எல்லாம் கடோவுக்கு வந்தவை. தைத்துக் கட்டினால் போய்விடும். மடிப்புக் கலையாமல் தெய்ஞ்சி மார்க்கெட்டில் ஒரு கடையில் கொடுத்தால் பாதி விலை கிடைக்கும். அதை எடுத்துவைத்துக் கடைக்காரர் அடுத்த தடிஞ்சுட்டுக்கு நம்மிடமே முழு விலைக்கு விற்பார். காபி மிக்ஸ் பெட்டி, ஓவல்டின் டின் எல்லாவற்றுக்கும் இதே கதைதானாம். நாம் மரியாதை என்று நினைத்து ரிப்பன் கட்டிக் கொடுப்பது அவருக்கு அரிசிக் காசு.

சம்பளத்தைப் பாருங்கள். 2015 ஏப்ரலில் அரசு ஊழியரின் கடைநிலைச் சம்பளம் மாதம் 1,20,000 கியாட். 2018 ஏப்ரலில் 1,44,000 ஆக்கினார்கள். அதே ஆண்டு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 4,800. முப்பதால் பெருக்கிப் பாருங்கள், அதே 1,44,000 வரும். தொடக்கப் பள்ளி ஆசிரியை இதற்குச் சில படிகள் மேலே, அவ்வளவே. அப்போது ஒரு டாலர் 1,300 கியாட் சொச்சம். 2024இல் வெளிச் சந்தையில் 4,000 தாண்டிவிட்டது. 2023இல் 30,000, 2024இல் இன்னொரு 30,000 என்று படி கொடுத்தார்கள். அரிசி, எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்துக்கு முன்னால் அது எந்த மூலைக்கு? அப்புறம், 2021இல் நாலு லட்சத்துச் சொச்சம் ஆசிரியர்களில் ஒன்றேகால் லட்சம் பேர் இடைநீக்கம் ஆனார்கள். ஏன் என்று நான் இங்கே எழுத வேண்டியதில்லை. மிச்சம் இருப்பவர்கள்தான் நம் பிள்ளைகளைச் சமாளிக்கிறார்கள்.

கோயிலில் இந்தப் பேச்சு எடுத்தால் நம் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சிக்குச் சயாமாக்கள் எல்லாம் பேராசைக்காரிகள். இன்னொரு கட்சி, “குருவுக்குக் கொடுப்பதில் கணக்குப் பார்க்கலாமா?” என்று கேட்கும். இரண்டாவது கட்சிக்காரர்கள் பெரும்பாலும் பட்டியலில் மேலே இருப்பவர்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

சயாமாக்களில் யாருமே கேட்பதில்லை என்று சொன்னால் அது பொய். நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு சயாமா இருந்தார். சாயங்காலம் அவர் வீட்டு டியூஷனுக்குப் போனவர்களுக்கு முதல் இரண்டு பெஞ்சு. எங்கள் அப்பாவால் டியூஷனுக்குக் கொடுக்க முடியவில்லை. ஐந்தாவது பெஞ்சில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து வருஷம் முழுக்கக் கரும்பலகையில் பாதியைத்தான் பார்த்தேன். பின்னக் கணக்கு எனக்கு இன்னும் தகராறு, துணி அளவெடுக்கும்போது மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. அந்தச் சயாமா மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. பச்சைத் தமெய்னைத் தலைகீழாக்கித் தைத்த அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை.

அரசு ஆசிரியர் டியூஷன் எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பரிசுக்கும் வரம்பு இல்லாமல் இல்லை. 2016 ஏப்ரலில் புது அரசு வந்த கையோடு, அரசு ஊழியர் 25,000 கியாட்டுக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது என்று ஜனாதிபதி அலுவலகம் அறிவித்தது. அதற்கு முன்னால் வரம்பு மூன்று லட்சம். நல்ல விதிதான். சம்பளத்தை அப்படியே வைத்துவிட்டுப் பரிசை மட்டும் குறைத்தால் என்ன ஆகும்? ஒரே கையால் கொடுத்தது இருபத்தேழு கையால் போகும்.

நான் சொல்ல வருவது இதுதான். அரசு கொடுக்க வேண்டிய சம்பளத்தில் ஒரு பங்கை நம்முடைய ஆநாடேயில் இருந்து வசூல் செய்கிறார்கள். ஆநாடேக்குச் சரியான தமிழ்ச் சொல் எனக்கு அகப்படவில்லை. கூச்சம், தாட்சண்யம், மனசு கேட்காமை எல்லாம் சேர்ந்தது. வரி என்றால் பணக்காரனுக்கு ஒரு விகிதம், ஏழைக்கு ஒரு விகிதம் இருக்கும். ஆநாடேக்கு விகிதம் கிடையாது. மொஹிங்கா அக்காவுக்குத்தான் அது அதிகம். லஞ்சத்துக்கு இந்த ஊரில் லப்பேயே ஃபோ, டீக்காசு, என்று செல்லப் பேர் வைத்தவர்கள் நாம். கடோவும் அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருக்கிறது. சாய்ப்பது சயாமா இல்லை, வைபரில் ஏலம் போடுகிற நாம்.

நம் வீடுகளில் இந்த மாதம் கை எப்படிக் கடிக்கும் என்று யாருக்கும் விளக்க வேண்டாம். சரஸ்வதி பூஜை முடிந்து ஒரு வாரத்துக்குள் தடிஞ்சுட் பௌர்ணமி. அது முடிந்து இரண்டு வாரத்தில் தீபாவளி அமாவாசை. எனக்குத் தையல் வேலை குவியும், காசு கைக்கு வருவதற்கு முன்னாலேயே போய்விடும். இதற்கு நடுவில்தான் விஜயதசமி அன்று கோயில் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் வாத்தியாருக்குத் தட்டு வைப்பார்கள். வெற்றிலை பாக்கு, இரண்டு பழம், மடித்த ஒரு நோட்டு. நோட்டு வெற்றிலைக்கு அடியில் இருக்கும். யார் தட்டில் எவ்வளவு என்று அவர் பார்ப்பதும் இல்லை, நாம் சொல்வதும் இல்லை. சரி, அவருக்கு வேறு வேலை இருக்கிறது, இந்தக் காசை நம்பி அவர் வீட்டில் உலை கொதிப்பதில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. அதனால்தான் சயாமாவுக்குக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. கொடுங்கள், துணியாக இல்லாமல் காசாகவே கொடுங்கள், தெய்ஞ்சி மார்க்கெட்டில் பாதி விலைக்குப் போகிற நஷ்டமாவது இருக்காது. எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பெயர் எழுதாமல், வருஷப் பரீட்சை முடிந்து மதிப்பெண் வந்த பிறகு கொடுங்கள். தடிஞ்சுட்டுக்குப் பிள்ளைகள் பூ மட்டும் கொண்டுபோய்க் கும்பிடட்டும்.

இதையே சுருக்கிப் பர்மிய மொழியில் குழுவிலும் எழுதினேன், தொகைகளை மட்டுமாவது அழித்துவிடுங்கள் என்று. நாலு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். பட்டியல் போட்ட அம்மா தனியாகக் கூப்பிட்டார், நல்ல மனுஷி. “சயாமா யாரிடமும் கேட்கவே இல்லை அக்கா. ஆனால் தொகையை எடுத்துவிட்டால் ஐம்பதாயிரம் கொடுத்தவர்கள் என்ன நினைப்பார்கள்?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நானும் ஆநாடே பட்டவள்தான்.

இன்று காலையில் பார்த்தேன். மொஹிங்கா அக்கா பையன் பெயருக்கு எதிரே 5,000 ஏறியிருக்கிறது. கோடு இப்போது இரண்டுதான்.