நொய்யல் கரையில் புதையல் தேடுகிறவர்களுக்கு

சென்னிமலையிலிருந்து காங்கேயம் வரைக்கும் எந்த ஊர்த் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஒரு புதையல் கதை காதில் விழும். அமாவாசை ராத்திரி, பூசை, தங்கக் குடம். மேட்டாங்காட்டில் வட்டமாகக் கல் நட்டிருந்தால் அதுதான் அடையாளமாம்.

அடையாளம் என்பது உண்மைதான், ஆனால் தங்கத்துக்கு இல்லை. அது பெருங்கற்கால ஈமக்காடு, அதாவது பெரிய கற்களை நட்டு செத்தவர்களை அடக்கம் செய்த பழங்கால இடுகாடு. கல்வட்டத்துக்குள் பலகைக் கற்களை நிறுத்தி அறை கட்டி, ஒரு பக்கக் கல்லில் வட்டமாகத் துளை விட்டு, செத்தவர்களோடு கலயமும் இரும்பும் மணியும் வைத்து மூடியிருக்கிறார்கள். சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் இருக்கிற கொடுமணல் இப்படிப்பட்ட ஊர்தான். சங்க நூலான பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்கிற ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. 1980களில் தொடங்கிய அகழாய்வில் சூதுபவளம் என்கிற சிவப்புக் கல்லில் செய்த மணிகள், இரும்பு உருக்கிய உலைகள், தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் பெயர் கீறிய பானை ஓடுகள் எல்லாம் வெளியே வந்தன. படியூர் பச்சைக்கல்லை இங்கே மணியாகக் கோத்திருக்கிறார்கள், வெள்ளலூரில் ரோமானியக் காசு கிடைத்திருக்கிறது, அந்தப் பக்கம் கரூர், நடுவில் நொய்யல். ஒரு பெரிய வணிகப் பாதையே நம் காட்டுக்கடியில் கிடக்கிறது.

மழை பெய்து உழுத காட்டில் குனிந்து பாருங்கள். உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு என்று ஒரு ஓட்டுத்துண்டு கிடக்கும். அதை விலைக்கு வாங்க ஆளே கிடையாது. ஆனால் அது எந்த மண் அடுக்கில், எதற்குப் பக்கத்தில், எந்தக் கரித்துண்டோடு கிடந்தது என்று தெரிந்தால்தான் காலம் கணிக்க முடியும். ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டுகிறவன் அந்தக் கரியைத்தான் முதலில் வாரி எறிகிறான். கலைத்த மண்ணை அந்த வரிசையில் யாராலும் திருப்பி அடுக்க முடியாது. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. சைட் போடுகிறேன் என்று ஜேசிபி விட்டு கல்வட்டத்தைச் சமன் செய்கிறவர்களும் இதே வேலையைத்தான் பகலில் செய்கிறார்கள்.

அப்புறம் சட்டம். 1878ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

சரி, உங்கள் காட்டில் ஏதாவது தட்டுப்பட்டால் எடுக்காமல் அப்படியே போட்டோ பிடித்து, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்க. ரீல்ஸ் போடுகிற தம்பிகளே, கல்வட்டத்தைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் லொகேஷனை மட்டும் போடாதீர்கள்.