அது கைவிட்ட கோயில் இல்ல

அந்த வீடியோவை நானும் பார்த்துட்டேன். இனிமே யாரும் இன்பாக்ஸ்ல அனுப்பாதீங்க. "ஜப்பானின் பேய் கிராமம், சாமியே காலி பண்ணிட்டுப் போன கோயில்"னு தலைப்பு. ஜப்பானோட மேற்குப் பக்கம், ஷிமானே மாகாணத்து மலையோரத்துல நான் 7 வருஷமா குடியிருக்கிற ஊர் அது. அந்தக் கோயிலுக்கு என் வீட்டுல இருந்து இருபது நிமிஷ நடை. கைவிட்ட கோயில் இல்லங்க. ஆள் குறைஞ்ச கோயில். ரெண்டும் வேற.

வீடியோவை நிறுத்திப் பாருங்க. கோயில் முன்னாடி நிக்கிற தோரிங்கிற வாசலுக்குக் கீழ ஒரு புல் இருக்கா? ஒட்டினாப்பல காடு, மழை கொட்டுற ஊர், ஒரு கோடை விட்டா இடுப்பளவு ஏறிடும். அப்ப வெட்டினது யாரு? முதல் ஞாயிறு காலைல நாங்க 11 பேர் புல்வெட்டி மிஷினோட போறோம். என்னைத் தவிர எல்லாரும் 65 தாண்டினவங்க. ஏறுற வழியில நிக்கிற, வழிப்போக்கரைக் காக்கிற ஜிசோ சாமி சிலையோட கழுத்துல சிவப்புத் துணி சாயம் போகாம இருக்கே, அதைத் தைச்சது என் பக்கத்து வீட்டுப் பாட்டி. வயசு 86. பூசாரி தினம் வர்றதில்லதான். அந்த ஒரு ஆளே சுத்துவட்டாரத்துல பல கோயிலுக்கு ஓடணும். அதுக்காகக் கைவிட்டதா ஆயிடுமா?

அந்தப் பெர்சிமன் பழம், தக்காளி மாதிரி ஆரஞ்சு நிறத்துல இருக்குமே, அதை அவங்க காட்டின விதத்தைத்தான் என்னால தாங்க முடியல. பாட்டி வீட்டு வேலியோரம் இலையெல்லாம் கொட்டின மரம், உச்சியில ஒரே ஒரு பழம். "பறிக்கக்கூட ஆளில்ல பாருங்க"ன்னு வீடியோ எடுத்த தம்பி கல்லால அடிச்சு விழ வைக்கிறார். அதுக்குப் பேரு கிமாமொரி, மரத்தைக் காக்கிறது. பறவைக்குன்னும், அடுத்த வருஷம் நல்லாக் காய்க்கணும்னு வேண்டியும் கடைசிப் பழத்தை விட்டுவைப்பாங்க. மத்ததெல்லாம் தோல் சீவிக் கயித்துல கட்டி, வரிசையா பாட்டி வீட்டுத் தாழ்வாரத்துல தொங்குது. கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்ல.

"ஊரெல்லாம் காலியாகுறது உண்மைதானே?"ம்பீங்க. உண்மைதான். 2023 கணக்குல ஜப்பான் முழுக்க ஆளில்லாத வீடு சுமார் 90 லட்சம். எங்க தெருவுலயே 4. நான் மறுக்கல. ஆனா, இங்க யாரும் இல்லன்னு முத்திரை குத்திட்டா அப்புறம் மூடுறது சுலபம். 1906-ல அரசாங்கமே சின்னக் கோயில்களைப் பெரிய கோயிலோட சேர்க்கச் சொல்லுச்சு. ஆயிரக்கணக்குல போச்சு. கோயில் போனா அதைச் சுத்தின காடும் போகும், ஊர் ஒண்ணு கூடுறதும் போகும்னு வாதாடினவர் மினகதா குமகுசுங்கிற இயற்கை அறிஞர். அந்தப் போராட்டத்துல 1910-ல சிறைக்கே போனார். தப்பிச்ச கோயில்களைத்தான் இந்தக் கிழவன் கிழவிங்க இன்னைக்கும் கூட்டிப் பெருக்குறாங்க.

"பாவம், வீடியோ போட்டுச் சம்பாதிக்கிற பையன்"ம்பீங்க. சம்பாதிக்கட்டும். யாரு வேணாம்னா?

"உங்க ஊரு ஐயனார் கோயிலுக்குப் போய் எத்தனை வருஷமாச்சு?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். 5 வருஷம். வலிக்குதுங்க. போக முடியாத எனக்கும் சேர்த்து அங்க யாரோ விளக்குப் போடுறாங்க. அந்த ஊர்ல ஒருத்தன் கேமராவோட போய் நின்னு பேய் ஊருன்னு சொன்னா எனக்கு வயிறு எரியும். அதே எரிச்சல்தான் இதுவும்.

பாட்டிக்கு அவங்க பேத்தி வீடியோவைக் காட்டிட்டா. குளிர் ஆரம்பிச்சா பாட்டி ஏணியில உட்கார்ந்து பைன் மரத்தோட பழைய ஊசியிலைகளைக் கையால கொஞ்சம் கொஞ்சமா உருவுவாங்க, ஒரு மரத்துக்கு 3 நாள். "வீடியோல என் மரம் வந்திருக்கு, பையன் என்ன சொல்றான்?"னு கேட்டாங்க. "தோட்டம் அழகா இருக்காம்"னு பொய் சொன்னேன். எனக்குக் குனிஞ்சு நன்றி சொன்னாங்க. ரெண்டு நாளாத் தூக்கமில்ல.

தலைப்பை மாத்துங்க தம்பி. வேற எதுவும் கேட்கல. வர்ற ஞாயிறு புது வருஷத்துக்கு ஷிமெனவா, அதான் கோயில்ல கட்டுற புனிதக் கயிறு, திரிக்கிறோம். வைக்கோலைத் தட்டிப் பதமாக்கி, இடப்பக்கமா முறுக்கணும். எங்க 11 பேர்ல ஒருத்தர் இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருக்கார், ஒரு ஜோடி கை குறையுது. காலைல 8 மணிக்கு வாங்க, கேமராவை வீட்டுல வெச்சுட்டு.