நாலு பேர் பாடுகிறோம், மைக் ஒன்றுதான்

"பாடுறது யாரு?" என்று கேட்டார் சவுண்ட் பார்க்கிறவர். நாலு பேரும்தான் என்றேன். நிமிர்ந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார். தூக்கி நிறுத்திய முடி, கண்ணைச் சுற்றிக் கருமை, ஜிகினா வைத்த சட்டை. அந்த ஒரு பார்வையிலேயே அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது போல. மேடை நடுவில் ஒரே ஒரு மைக் ஸ்டாண்டை நட்டார். "மெயின் வாய்ஸ் கேட்டாப் போதும், மத்தவங்க சும்மா வாயசைங்க" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

வாயசைங்க!

11 வருஷமாக இந்தக் கிளாம் மெட்டல் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன், பாடுகிறேன். இப்படி மையும் ஜிகினாவுமாக வந்து நின்று வாசிக்கிற அதிரடி ராக் இசைக்குத்தான் அந்தப் பெயர். திட்டு வாங்கியிருக்கிறேன், காலி அரங்கத்துக்கு வாசித்திருக்கிறேன். எதுவும் இந்த ஒரு வார்த்தை அளவுக்கு எரிந்ததில்லை. ஏனென்றால் எங்கள் இசையில் கோரஸ் என்பது ஓரத்தில் வைத்துத் தைத்த சரிகை கிடையாது. துணியே அதுதான். பாடகர் மெட்டைப் பிடித்துக்கொண்டு போவார். நான் அதற்கு மூன்றாம் ஸ்வரம் மேலே நிற்பேன். பேஸ் வாசிக்கிறவர் கீழே அடித்தளம் போடுவார். எல்லாவற்றுக்கும் உச்சியில், இரண்டு கையும் இரண்டு காலும் அடித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கள் டிரம்மர் கள்ளக்குரலில் ஏறுவார். நாலு பேரும் ஒரே உயிரெழுத்துக்கு ஒரே மாதிரி வாய் திறக்க வேண்டும். ஒருவர் 'ஆ'வைக் கொஞ்சம் 'ஓ' பக்கம் சாய்த்துவிட்டால் போதும், சுருதி சரியாக இருந்தாலும் கோரஸ் கலங்கிப்போகும். ஒரே ஒரு வரியில் எங்கே மூச்சு வாங்குவது என்று முடிவு செய்ய எங்களுக்கு 3 வாரம் ஆனது. கடைசியில் நானும் பாடகரும் ஒரே இடத்தில் மூச்சு விடக் கூடாது, ஒருவர் விடும்போது இன்னொருவர் தாங்க வேண்டும் என்று கண்டுபிடித்தோம். அந்த வரியைத்தான் அன்றைக்கு ஒரே குரலில், எலும்பும் தோலுமாக, ஜனங்கள் கேட்டார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒருவர் வந்து கை கொடுத்தார். "கெட்டப் சூப்பர்" என்றார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னத்தைச் சொல்வார், கேட்டிருந்தால்தானே.

இதுதான் என் குமுறல். எங்களை எல்லோரும் கண்ணால் கேட்கிறார்கள். முடியைப் பார்த்ததும் காதை மூடிவிடுகிறார்கள்.

அந்த ஜிகினா ஏதோ எங்கள் பைத்தியம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். 1971இல் டி. ரெக்ஸ் குழுவின் பாடகர் மார்க் போலன் கன்னத்தில் ஜிகினாவோடு பிரிட்டன் தொலைக்காட்சியில் வந்து நின்றார். அதே சமயத்தில் நியூயார்க்கில் நியூயார்க் டால்ஸ் குழுவினர் உதட்டுச் சாயமும் உயரக் குதிகால் செருப்புமாக ஆரம்பித்தார்கள். அந்த வழியில் வந்ததுதான் இந்த அலங்காரம். கோரஸுக்கும் அப்படி ஒரு வழி உண்டு. அமெரிக்கக் குழுவான குவைட் ரயட்டின் ஆல்பம் 1983 நவம்பரில் அந்த நாட்டின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஹெவி மெட்டல் ஆல்பம் ஒன்று அமெரிக்காவில் அந்த இடத்துக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அதை அங்கே கொண்டுபோய் நிறுத்திய பாட்டு, பிரிட்டனின் ஸ்லேட் குழு 10 வருஷம் முன்னால் பாடியது. கூட்டம் கூட்டமாகத் தொண்டை கிழியக் கூடப் பாடுகிற பாட்டு. முடி பாடவில்லை. கோரஸ் பாடியது.

இன்னொன்றும் கேட்கிறேன். பிளாக் மெட்டல் குழுக்கள் முகம் முழுக்க வெள்ளையும் கறுப்பும் பூசிக்கொண்டு பிணம் மாதிரி வந்து நின்றால் அதற்கு 'கலை' என்று பெயர், 'தத்துவம்' என்று பெயர். அவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் நாங்கள் கண்ணுக்கு மை வைத்தால் மட்டும் கோமாளி வேஷமா? பூச்சு பூச்சுதானே. சாவைக் காட்டும் பூச்சு மரியாதைக்குரியது, சந்தோஷத்தைக் காட்டும் பூச்சு கேலிக்குரியது என்று யார் தீர்ப்பு எழுதியது? துக்கத்தைப் பாடினால் ஆழம், கொண்டாட்டத்தைப் பாடினால் மேம்போக்கு என்ற நினைப்புதான் அடியில் இருக்கிறது. ஒரு ஹால் நிறைய மனிதர்களை ஒரே சமயத்தில் சந்தோஷப்படுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஒரு நாள் மேடையேறிப் பார்த்தால் தெரியும்.

எங்கள் இசைக்கு 'ஹேர் மெட்டல்' என்று வைத்த பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 80களில் இந்த இசையை வாசித்தவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் அல்ல அது. காற்று மாறிய பிறகு, 90களில், இளக்காரமாக ஒட்டப்பட்டது. அலங்காரமே இல்லாத கிரஞ்ச் ராக் வாசித்த நிர்வாணா குழுவின் இரண்டாவது ஆல்பம் 1991 செப்டம்பரில் வந்தது, 1992 ஜனவரியில் முதலிடத்தில் உட்கார்ந்தது. நல்ல ஆல்பம், நானும் கேட்பேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு தலைமுறை இசைக்காரர்களை மொத்தமாகத் தலைமுடியின் பெயரால் ஒதுக்கித் தள்ளினார்களே, அது ரசனை மாற்றம் மட்டும்தானா? வேறு எந்த இசைக்காவது வாசிக்கிறவனின் முடியை வைத்துப் பெயர் வைத்திருக்கிறார்களா?

எங்கள் வகை இசை வாசித்த விங்கர் குழுவுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் குழுவின் டிரம்மர் ராட் மார்கன்ஸ்டைன், அதற்கு முன் டிக்ஸி டிரெக்ஸில் வாசித்தவர். சிக்கலான தாளக்கட்டுகளைத் தண்ணீர் பட்ட பாடாக வாசிக்கிற குழு அது. பிற்பாடு பெர்க்லி இசைக் கல்லூரியில் பல வருஷம் பாடம் நடத்தினார். பாடகர் கிப் விங்கர் முறையாக இசையமைப்புப் படித்து, ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதி, சமகாலச் செவ்வியல் இசைப் பிரிவில் கிராமி பரிந்துரை வரைக்கும் போனார். இப்படிப்பட்ட ஆட்களை உலகம் எப்படி நினைவில் வைத்திருக்கிறது? தொலைக்காட்சிக் கார்ட்டூன் ஒன்றில், எல்லோரும் கேலி செய்கிற ஒரு பரிதாபப் பையனின் சட்டையில் விங்கர் பெயர். ஹெவி மெட்டல் குழு மெட்டாலிகாவின் வீடியோ ஒன்றில் கிப் விங்கரின் படத்தின் மேல் அம்பு எறிகிற காட்சி. இவ்வளவுதான் பலருக்குத் தெரியும். அவர்களுடைய ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை கேட்டவர்கள் கையைத் தூக்கச் சொன்னால் எத்தனை கை எழும்?

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன்.

டிக்கெட் விவகாரம். நிகழ்ச்சி நடத்துகிறவர் ஒரு கட்டு டிக்கெட்டைக் கையில் திணிப்பார். அதை விற்றுப் பணத்தைக் கட்டினால்தான் மேடை. விற்காத டிக்கெட்டின் காசு எங்கள் பாக்கெட்டிலிருந்து போகும். லாஸ் ஏஞ்சல்ஸில் ராக் கிளப்புகள் நிறைந்த சன்செட் ஸ்ட்ரிப் தெரு கொடிகட்டிப் பறந்த 80களில் இதே கொடுமை நடந்தது, 'பே டு ப்ளே' என்று அதற்குப் பெயரே வைத்திருந்தார்கள். குழுக்கள் காசு கொடுத்து மேடை வாங்கின, ராத்திரி முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டின. 40 வருஷம் ஆகியும் அது மாறவில்லை. வேலை செய்கிறவனே கூலி கொடுத்துவிட்டு வேலை செய்ய வேண்டுமாம்! இதைக் கேட்டால், "உங்களுக்கு இது ஒரு எக்ஸ்போஷர்" என்கிறார்கள். அந்த எக்ஸ்போஷரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் யாரும் ஒரு செட் கிட்டார் கம்பி தரமாட்டார்கள்.

கம்பி என்றதும் ஞாபகம் வருகிறது. போன மாதம் இரண்டாவது பாட்டின் சோலோவில் என் கிட்டாரில் மேல் கம்பி அறுந்தது. என்னுடையது ஃப்ளாய்ட் ரோஸ் வகை பிரிட்ஜ், அதாவது கம்பிகளை உடல் பக்கம் பிடித்திருக்கும், அசையக்கூடிய பாகம். கம்பிகளின் இழுவையும் பின்பக்கத்து ஸ்பிரிங்குகளின் இழுவையும் சரிக்குச் சரியாக நின்றால்தான் அது மிதக்கும். ஒரு கம்பி போனால் தராசு சாய்ந்துவிடும். ஸ்பிரிங் ஜெயித்து பிரிட்ஜைப் பின்னால் இழுக்கும், மிச்சம் 5 கம்பியும் சுருதி மேலேறிவிடும். மாற்றுவதென்றால் ஆலன் கீ எடுத்து, கழுத்துப்பக்கப் பூட்டைக் கழற்றி, புதுக் கம்பியின் முனைக் குண்டை வெட்டி, பிரிட்ஜில் செருகி இறுக்கி, ஆறு கம்பிக்கும் மாற்றி மாற்றிச் சுருதி சேர்க்க வேண்டும். வேகமாகச் செய்தாலே பல நிமிஷம் ஆகும். அதனால்தான் இரண்டாவது கிட்டார் ஒன்றைச் சுருதி சேர்த்து மேடை ஓரத்தில் வைத்திருப்பேன். அன்றைக்கு, "இடம் அடைக்குது" என்று மேடைக்காரர்கள் அதைத் தூக்கி உள்ளறையில் வைத்துவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பேஸும் டிரம்ஸும் அதே நாலு மாத்திரையைச் சுற்றிச் சுற்றி வாசித்துக்கொண்டிருக்க, நான் இருட்டில் பெட்டிகளைத் தடவிக்கொண்டிருந்தேன். வியர்வையில் மை கரைந்து கண்ணுக்குள் போய்விட்டது, எரிச்சலில் எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு குரல்: "முடி சீவப் போயிட்டாங்க!" எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சோலோவை ஆறு மாதம் பழகியிருந்தேன். விரல் நுனி தோல் உரிந்து, மறுபடி காய்த்து, மறுபடி உரிந்த ஆறு மாதம்.

எங்கள் டிரம்மரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் பெண். டிரம்ஸை இறக்கி வைக்கும்போது வாசலில் நிற்கிறவர், "நீங்க யாரோட கூட வந்தீங்க?" என்று கேட்காத இடம் குறைவு. விக்ஸன் குழுவில் நாலு பெண்கள் தாங்களே எல்லாக் கருவியும் வாசித்து மேடையை அதிரவைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் இந்தக் கேள்வி முடியவில்லை. இந்த இசைக்குள்ளும் அந்தக் குற்றம் உண்டு, மறைக்கமாட்டேன். அந்தக் காலத்துப் பாடல்களில் பெண்களைப் பற்றி எழுதிய எத்தனையோ வரிகளை நான் வாயால் சொல்லமாட்டேன். எங்கள் பாட்டுகளில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. அதையாவது கவனித்தார்களா என்றால், அதுவும் இல்லை.

அப்புறம் அந்த மெதுவான பாட்டுக் கோரிக்கை. "ஃபாஸ்ட் சாங் வேணாம், அந்தக் காதல் பாட்டு ஒண்ணு போடுங்க, அது மட்டும் நல்லா இருக்கும்." எக்ஸ்ட்ரீம் குழு 1991இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது ஒரு அக்குஸ்டிக் பாட்டால். அதோடு பலருக்கு அவர்கள் கதை முடிந்தது. ஆனால் 1992 ஏப்ரலில் வெம்ப்ளியில் குவீன் குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் நினைவுக் கச்சேரியில் குவீன் பாடல்களை வரிசையாகக் கோத்து அவர்கள் வாசித்ததைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் குரல் அடுக்கு, அவர்களுடைய கிட்டார்காரர் நூனோ பெட்டன்கோர்ட்டின் வலது கை! அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் கிட்டாரை ஒழுங்காகப் பழகவே ஆரம்பித்தேன். மென்மையான பாட்டு எங்களிடமும் இருக்கிறது, பாடுவோம். ஆனால் அது நாலு வேகப் பாட்டுக்குப் பிறகு, தொண்டையும் கையும் சூடேறி, கூட்டமும் களைத்து மூச்சு வாங்குகிற நேரத்தில் வர வேண்டியது. பாயசத்தை மட்டும் கொண்டா, சாப்பாடு வேண்டாம் என்றால் என்ன செய்வது.

சவுண்ட் பார்க்கிறவர்களிடம் எனக்கு விரோதம் இல்லை. நாலு குழுவுக்கு ஒருத்தராக நின்று மாரடிக்கிறார்கள், தெரியும். ஆனால் பிரிட்டனின் டெஃப் லெப்பர்ட் குழுவின் 'ஹிஸ்டீரியா' ஆல்பத்தைப் பற்றி அவர்களும் கேள்விப்பட்டிருப்பார்கள்தானே? டிரம்மர் ரிக் ஆலன் 1984 கடைசி நாளில் விபத்தில் இடது கையை இழந்தார். குழு அவருக்காகக் காத்திருந்தது, அவர் காலால் இயக்கும் மின் டிரம்ஸை வைத்து மறுபடி பழகி வந்தார். 1987இல் அந்த ஆல்பம் வெளிவந்தது. அதில் பின்னணிக் குரல்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்து மதில்சுவர் மாதிரி எழுப்பியிருக்கிறார்கள். குரல்தான் எங்களுக்கு முக்கியம் என்று இதைவிட எப்படிச் சொல்வது? அதைக் கேட்டு வளர்ந்த நாலு பேரிடம் வாயசைக்கச் சொன்னால் ரத்தம் கொதிக்குமா கொதிக்காதா?

அன்றைக்கு ராத்திரி வண்டியில் யாரும் பேசவில்லை. டிரம்மர்தான் பாதி வழியில், தானாக, அந்த 3 வார வரியை முணுமுணுக்க ஆரம்பித்தார். பேஸ்காரர் கீழே சேர்ந்தார். நான் மேலே போனேன். பாடகர் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி மெட்டை எடுத்தார். மூச்சு வாங்கும் இடம் வந்தது, அவர் விட்டார், நான் தாங்கினேன். மைக் இல்லை, ஆம்ப் இல்லை, வண்டிக் கண்ணாடி அதிர்ந்தது. அந்த மேடையில் கேட்டிருக்க வேண்டியது இதுதான்.

இரண்டு வாரத்தில் மறுபடி அதே மேடை, அதே ஆள். நாங்களே காசு போட்டு 3 மைக் வாங்கிவிட்டோம். கேபிளும் ஸ்டாண்டும்கூட எங்களுடையது. யாருக்கு எந்த மைக், கோரஸில் யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டு, பெரிய எழுத்தில் எழுதி, கிட்டார் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். சவுண்ட் செக்குக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் அவர் மிக்ஸர் பக்கத்தில் நின்று அந்தத் தாளைக் கையில் கொடுக்கப்போகிறேன். அன்றைக்கும் முடி இதே உயரத்தில்தான் இருக்கும்.