ஆறு பேருக்கும் ஒத்துவரும் ஒரு ஞாயிறு

எங்கள் குழு கொல்லப் போன டிராகன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. குகை வாசலில் எங்கள் ஐந்து பாத்திரங்களும் ஆயுதத்தோடு போய் நின்றது போன வருடம் மார்ச் மாதம். ராத்திரி பதினொரு மணி ஆகிவிட்டது, மீதியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்வோம் என்று பகடைகளை எடுத்து வைத்தோம். அந்த அடுத்த வாரம் இன்றுவரை வரவில்லை. ஒருவருக்கு நைட் ஷிஃப்ட். ஒருவர் வீட்டில் கைக்குழந்தை. இன்னொருவருக்கு மாதக் கடைசி என்றால் ஆபீஸ்தான் வீடு. வாட்ஸ்அப் குழுவில் எந்தத் தேதி சரிப்படும் என்று ஓட்டெடுப்பு வைத்துப் பார்த்தோம். நாலாவது ஓட்டெடுப்பில் ஓட்டுப் போடக்கூட ஆள் இல்லை.

டேபிள்டாப் ரோல்பிளேயிங் என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு: நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடும் கதை விளையாட்டு அது. ஒருவர் கேம் மாஸ்டர். ஊர், காடு, வில்லன், வழிப்போக்கன் எல்லாம் அவர் பொறுப்பு. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "நான் அந்தச் சுவரில் ஏறுகிறேன்" என்று சொன்னால், ஏற முடியுமா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் (சுருக்கமாக டி அண்ட் டி) தொடங்கிய கதை இது.

நடுவயதுக்காரர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஆசை இருக்கிறது, நேரம் இல்லை. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் தனித்தனியாகக் கேட்டால் எங்கள் ஆறு பேரிடமும் மாதத்துக்கு இரண்டு மூன்று மாலைகள் இருக்கத்தான் செய்தன. அவை ஒரே நாளில் வந்து விழவில்லை, அவ்வளவுதான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஒருவரால் வர முடிவதற்கு நூற்றுக்கு 80 வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடும்பஸ்தர்களுக்கு இது தாராளமான கணக்கு. ஒருவர் வருவதும் வராததும் இன்னொருவரைப் பாதிக்காது என்றும் கொள்வோம். அப்படியானால் ஆறு பேரும் சேர்ந்து வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26தான். அதாவது நாலு வாரத்தில் மூன்று வாரம் ஆட்டம் ரத்து. இதையே "நாலு பேர் வந்தால் போதும்" என்று மாற்றினால் வாய்ப்பு 90க்கு எகிறுகிறது. யாருடைய வேலையும் குறையவில்லை, யாரும் வீட்டில் கூடுதலாக அனுமதி வாங்கவில்லை. நாம் வைத்திருந்த விதிதான் நம்மைக் கொன்றுகொண்டிருந்தது.

எல்லோரும் வந்தே ஆகவேண்டும் என்ற அந்த விதி எங்கிருந்து வந்தது? நாம் கல்லூரிக் காலத்தில் ஆடிய முறையிலிருந்து. அதே பாத்திரங்களோடு பல மாலைகள் தொடரும் ஒரே கதைக்குக் கேம்பெய்ன் என்று பெயர். அந்தச் சொல்லையே இந்த விளையாட்டு போர் விளையாட்டுக்காரர்களிடமிருந்துதான் எடுத்துக்கொண்டது. நீண்ட படையெடுப்பு, முடிவு தெரியாத பயணம். விடுமுறையில் ராத்திரி முழுக்க ஆடிய வயதுக்கு அது பொருந்தியது. சட்டை சிறிதாகிப் போனால் மாற்றிக்கொள்கிறோம், ஆட்டத்தை மட்டும் இருபது வயதில் தைத்த அளவிலேயே போட்டுக்கொண்டு திணறுகிறோம். போதாக்குறைக்கு, இணையத்தில் குரல் நடிகர்கள் மூன்று நான்கு மணி நேரம் ஆடும் நிகழ்ச்சிகளைப் பார்த்துவிட்டு நம் மேசையும் அப்படி இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அவர்களுக்கு அதுதான் வேலை, சுவாமி. நமக்கு மறுநாள் வேறு வேலை இருக்கிறது.

டி அண்ட் டி எனக்குப் பிடிக்காது என்று நினைக்கவேண்டாம். அதில்தான் வளர்ந்தேன். ஆனால் 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பின் மூன்று அடிப்படைப் புத்தகங்களும் தலைக்கு 300 பக்கத்துக்கு மேல். ஐந்து பேர் எட்டுக் குட்டிப் பூதங்களோடு மோதினால் ஒரு மணி நேரம் காலி. ஒவ்வொருவரும் முதலில் அடி படுமா என்று உருட்டவேண்டும், அப்புறம் எவ்வளவு அடி என்று உருட்டவேண்டும், நடுவில் ஒருவர் மந்திரத்தின் விவரத்தைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருப்பார். இரண்டரை மணி நேர மாலையில் ஒரு மணி நேரம் அதற்குப் போனால் கதைக்கு என்ன மிஞ்சும்? கிறிஸ் மெக்டவலின் இன்டு தி ஆட், அதன் வழியில் வந்த கெய்ர்ன் போன்ற ஆட்டங்களில் அந்த முதல் உருட்டலே கிடையாது. தாக்கினால் படும். எவ்வளவு என்பது மட்டும்தான் கேள்வி. சண்டை பத்து நிமிடத்தில் முடிகிறது. அடி நிச்சயம் என்று தெரிவதால் ஆட்களும் வாளை உருவுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்கிறார்கள்.

எனக்குப் பெரிய கண்திறப்பு ஜான் ஹார்ப்பரின் பிளேட்ஸ் இன் தி டார்க். திருடர் கூட்டம் ஒன்றின் கதை. இந்த மாதிரி ஆட்டங்களில் நேரத்தைத் தின்பது திட்டம் போடுவதுதான். மாளிகைக்குள் எப்படி நுழைவது என்று ஒன்றரை மணி நேரம் விவாதிப்போம், கடைசியில் முதல் கதவிலேயே மாட்டிக்கொள்வோம். இந்த ஆட்டம் அந்த விவாதத்தையே வெட்டி எறிந்துவிட்டது. எந்த வகைத் திட்டம் என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு விவரம் சொன்னால் போதும். பகடையை உருட்டினால் நேராக மாளிகைக்குள் நிற்பீர்கள். என்னென்ன கருவி கொண்டுவந்தோம் என்று முன்கூட்டியே எழுதவேண்டியதில்லை, எவ்வளவு சுமை என்பதை மட்டும் சொல்லிவிட்டு, தேவைப்படும்போது பையிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். காவலாளி எதிரில் வந்துவிட்டாரா? "இவரை நேற்றே போய்ப் பார்த்துச் சரிக்கட்டிவிட்டேன்" என்று ஒரு பிளாஷ்பேக் சொல்லலாம். அதற்கு விலையாக உங்கள் பாத்திரத்தின் மன அழுத்தம் கூடும். நம் சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கு பிளாஷ்பேக்கை விளக்கவா வேண்டும்? முதல் தடவை ஆடியபோது ஒன்பது மணிக்கு உட்கார்ந்து பதினொன்றுக்குள் ஒரு முழுக் கொள்ளையை முடித்துவிட்டோம். வீட்டுக்குப் போகும்போது ஏதோ ஏமாற்றிவிட்ட மாதிரி இருந்தது.

இதைவிடச் சின்னதும் உண்டு. அதே ஹார்ப்பர் 2013இல் வெளியிட்ட லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் மொத்தமே ஒரு பக்கம். 2 முதல் 5 வரை ஒரு எண்ணை எடுத்துக்கொள்ளவேண்டும், கிட்டத்தட்ட அதுதான் உங்கள் பாத்திரம். அறிவால் செய்யும் காரியத்துக்குப் பகடை உங்கள் எண்ணுக்குக் கீழே விழவேண்டும், மனசால் செய்யும் காரியத்துக்கு மேலே. ஒன்றில் கெட்டிக்காரர் என்றால் இன்னொன்றில் தடுமாறுவார். ஒரு மனிதரை ஒற்றை எண்ணில் எழுதிவிட முடியும் என்று நான் நினைத்ததே இல்லை. கிராண்ட் ஹோவிட்டின் ஹனி ஹைஸ்ட் இன்னொரு பக்கம், இன்னொரு பைத்தியக்காரத்தனம்: தேன் திருடப் போகும் கரடிகள் நீங்கள். கரடித்தனம் 3, குற்றவாளித்தனம் 3 என்று தொடங்கும். கரடித்தனம் 6ஐத் தொட்டால் வேஷம் கலைந்து முழுக் கரடியாகிவிடுவீர்கள். எங்கள் ஆடிட்டர் நண்பர் இருபதாவது நிமிடத்திலேயே முழுக் கரடியாகிவிட்டார். அவருக்கு அது தேவைப்பட்டிருக்கிறது.

இந்த ஒரு பக்க ஆட்டங்களால் இன்னொரு உபகாரம். கேம் மாஸ்டர் வரவில்லை என்றாலும் மாலை வீணாவதில்லை. வந்தவர்களில் ஒருவர் அந்தத் தாளைப் படித்துவிட்டு நடத்திவிடலாம். அலெக்ஸ் ராபர்ட்ஸின் ஃபார் தி குயினில் கேம் மாஸ்டரே கிடையாது, பகடையும் கிடையாது. சீட்டை எடுத்து அதிலிருக்கும் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் ஒரு அரசியின் கதை தானாக வளரும். அரசி தாக்கப்படுகிறாள், அவளைக் காப்பாற்றுவாயா என்பதில் முடியும்.

தனியாக ஆடும் வகையும் இருக்கிறது. அயர்ன்ஸ்வார்னை இலவசமாகவே தரவிறக்கலாம், பலரும் அதைக் கொண்டாடுகிறார்கள். நான் முயன்றேன். வீட்டுப்பாடம் எழுதுவது போலிருந்தது. மெசேஜ் அனுப்பி ஆடுவதும் எங்களுக்கு மூன்றாவது வாரமே படுத்துவிட்டது. சரி, அவரவர் விருப்பம்.

நீண்ட கேம்பெய்னுக்கென்று ஒரு சுகம் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். முதல் நாள் கயிறும் தீப்பந்தமுமாக வந்த பையன் மூன்று வருடம் கழித்து ஒரு நகரத்தையே காப்பாற்றுவதைப் பார்க்கும் சுகம் ஒரு மாலை ஆட்டத்தில் வராது. அது வேண்டும் என்றால் பென் ராபின்ஸ் தன் வெஸ்ட் மார்ச்சஸ் ஆட்டத்தில் செய்ததைப் பாருங்கள். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழு, ஆனால் நிரந்தர அணி கிடையாது, நிரந்தரக் கிழமையும் கிடையாது. யாருக்கு எப்போது தோதுப்படுகிறதோ அவர்களே சேர்ந்து தேதி குறித்து, எங்கே போகப்போகிறோம் என்றும் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு பயணமும் ஊரில் தொடங்கும், அன்றைக்கே ஊருக்குத் திரும்பிவிடும். குகை வாசலில் யாரும் பதினான்கு மாதம் நிற்கமாட்டார்கள்.

எங்கள் குழுவில் இப்போது இதைத்தான் கொஞ்சம் சுருக்கி வைத்திருக்கிறோம். நாலு பேர் வந்தால் ஆட்டம். இரண்டரை மணி நேரம், அதற்குமேல் ஒரு நிமிடம் கிடையாது. ஒரு கதை ஆறு மாலைகளுக்குள் முடியவேண்டும். ஆறாவது மாலை எந்தத் தேதி என்பதை முதல் நாளே காலண்டரில் குறித்துவிடுகிறோம். வராதவரின் பாத்திரம் குதிரைகளைப் பார்த்துக்கொள்ள வெளியே நின்றுவிட்டதாகக் கணக்கு. முதலில் விளையாட்டாகத்தான் சொன்னோம், இப்போது அந்தக் குதிரைகளுக்குப் பெயர்கூட வைத்தாயிற்று.

போன வாரம் கேம் மாஸ்டரிடம் ஒரே மாலையில் அந்த டிராகனை முடித்துக்கொடுக்க முடியுமா என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, மாலை ஆறு மணி. ஆடிட்டரும் கைக்குழந்தைக்காரரும் வர முடியாதாம். இரண்டு பேரும் குதிரைகளோடு இருப்பார்கள்.