படிக்கத்தானே கூப்பிட்டீங்க?

ஸ்க்ரீன்ஷாட் இந்நேரம் எல்லார் போனுக்கும் வந்திருக்கும். இன்பாக்ஸில் "உண்மையா ஆச்சி?"ன்னு கேக்குறவங்களுக்குத் தனித்தனியா பதில் போட நேரமில்லை, கார்த்திகைக் கல்யாணப் பலகார ஆர்டர் தலைக்கு மேல கிடக்கு. உண்மைதான். ஒரு புது நாவலை அச்சுக்கு முன்னாடி சேர்ந்து படிக்கிற அந்தக் கூட்டு வாசிப்புக் குழுவிலிருந்து என்னைத் தூக்கிட்டாங்க.

நாவல் பேரைச் சொல்ல மாட்டேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கு வருது. வரட்டும், நல்லா விக்கட்டும். நானே முன்பதிவுக்குப் பணம் கட்டினவதான். இதை ஏன் சொல்றேன்னா, "ஓசியில் பிடிஎஃப் வாங்கிட்டு இப்படியா பேசுறது"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பக்கத்துக்குப் பக்கம் என் பேரையும் போன் நம்பரையும் குறுக்கே அடிச்சு அனுப்பின பிடிஎஃப் அது. என் மேல அவ்வளவு நம்பிக்கை.

அழைப்பில் என்ன எழுதியிருந்தாங்க? அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி "தேர்ந்த வாசகர்களோடு" சேர்ந்து படிக்கிறோம், வாரம் அஞ்சு அத்தியாயம், ஞாயித்துக்கிழமை ராத்திரி பேசுறோம், உங்க கருத்து நாவலைச் செழுமைப்படுத்தும். செழுமை! கதை நம்ம செட்டிநாட்டுப் பக்கத்துக் கதை. ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதான் வியாபாரத்துக்கு, போன புருஷன், இங்கே பெரிய வீட்டில் தனியா ஒருத்தி. ஆசையாத்தான் சேர்ந்தேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் நாங்க நகரத்தார் வீடுகளில் கும்பிடுற பிள்ளையார் நோன்பு வருது. எந்த மாசம்? ஆவணி. நைவேத்தியம்? கொழுக்கட்டை. இழையைத் தாம்பாளத்தில் விளக்கா ஏத்தி வச்சு, பொம்பளைங்க எல்லாரும் வந்து கண்ணில் ஒத்திக்கிறாங்களாம்.

நான் எழுதினது இவ்வளவுதான். அது விநாயகர் சதுர்த்திங்க. எங்க நோன்பு மார்கழியில். திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஒரு இழையா கோடி வேட்டியில் நூல் எடுத்து வைப்போம். இருபத்தொண்ணாம் நாள், சஷ்டியும் சதயமும் கூடுற ராத்திரி, அத்தனை இழையையும் திரியாத் திரிச்சு, வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைஞ்ச மாவில் வச்சு ஏத்துவாங்க. பெரியவங்க எடுத்துக் கொடுக்க, எரியுற சுடரோட அப்படியே வாயில் வாங்கிக்கணும். ஊதக் கூடாது. சின்ன வயசில் நான் கண்ணை இறுக்க மூடிக்கிட்டுத்தான் வாங்குவேன். நெய் வாசனை வரும், உதட்டில் சுள்ளுன்னு ஒரு சூடு, அடுத்த நொடி இனிப்பு. மாசமா இருந்தப்ப எனக்கு ரெண்டு இழை, வயித்துப் பிள்ளைக்கும் சேர்த்து.

இதோட நிறுத்தலை. நாவலில் ரங்கூனில் குண்டு விழுறது 1941 டிசம்பர் 23. அது சரித்திரம், சரியாத்தான் எழுதியிருக்கார். அந்த வருஷம் திருக்கார்த்திகை டிசம்பர் முதல் வாரத்தில் வருது. இருபத்தொரு நாளைக் கூட்டிப் பாருங்க. குண்டு விழுந்த அதே வாரம் இங்கே நோன்பு! இவ எரியுற இழையை வாயில் வாங்குறா, அங்கே அவன் இருக்கிற ஊர் எரியுது. எந்த எழுத்தாளருக்கு இப்படி ஒரு காட்சி தானா வந்து வாய்க்கும்? அதை ஆவணியில் கொண்டுபோய் வச்சு வீணாக்காதீங்கன்னு சொன்னேன். அதுக்குப் பேர் குறை சொல்றதா?

பதில் வந்துச்சு. "தகவல் பிழை தேடுவது வாசிப்பு அல்ல, புனைவுச் சுதந்திரம் என்று ஒன்று உண்டு." சரி. அதுக்குக் கீழே இன்னொருத்தர்: "ஆச்சி சீடை உருட்டட்டும், நாவலை நாம பார்த்துக்கலாம்." அதுக்குக் கீழே கண்ணில் தண்ணி வரச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சிகள் வரிசையா. அதில் ஒண்ணு ஆசிரியர் போட்டது.

நான் செய்றது சீப்புச் சீடை தம்பி. அதை உருட்ட மாட்டாங்க, விரலில் சுத்தி ஒட்டுவாங்க. இதுவும் தகவல் பிழைதான், விடுங்க.

நான் திருப்பிக் கேட்டது ஒரே கேள்வி. படிக்கக் கூப்பிட்டீங்களா, கைதட்டக் கூப்பிட்டீங்களா? காலையில் பார்த்தா குழுவில் நான் இல்லை.

புனைவுச் சுதந்திரத்துக்கு வர்றேன். தாராளமா எடுத்துக்கங்க. இல்லாத ஊர், இல்லாத சனம், இல்லாத நோன்புன்னு எழுதுங்க, நான் ஏன் பஞ்சாங்கத்தைத் தூக்கிட்டு வர்றேன்? ஆனா பின்னட்டையில் "நகரத்தார் வாழ்வின் அசலான ஆவணம்"னு போட்டிருக்கே! பின்னட்டையில் ஆவணம், ஒன்பதாம் அத்தியாயத்தில் புனைவா? சுதந்திரம்னா தெரிஞ்சு மீறணும். தெரியாம எழுதிட்டு, சொன்னவ மேல சுதந்திரத்தைத் தூக்கிப் போடக் கூடாது.

"வெளியூர்க்காரங்க எங்களைப் பத்தி எழுதக் கூடாதுன்னு சொல்றீங்களா?" நான் எங்கே சொன்னேன்? யார் வேணா எழுதட்டும். நாங்க எழுதுறதை விட நல்லாவே எழுதுவாங்க. "தனியா மெசேஜ் பண்ணியிருக்கலாமே." சிரிப்பு மூஞ்சியையும் தனியாப் போட்டிருக்கலாமே.

இந்தக் கூட்டு வாசிப்பு என்னமோ இப்ப கண்டுபிடிச்ச மாதிரி பேசுறாங்க. எங்க அப்பத்தாவுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். வாரப் பத்திரிகை வந்ததும் மத்தியானம் வளவில், அதான் வீட்டு உள்முற்றத்தில், எல்லாரும் உக்காருவாங்க, நான்தான் சத்தம் போட்டுத் தொடர்கதை படிக்கணும். ஒரு பாரா முடியாது, அதுக்குள்ள அப்பத்தா, "நிறுத்துடி. புருஷன் செத்த மூணாம் நாள் எவ இப்படி அடுப்படிக்குப் போவா? எழுதுறவனுக்கு அக்கா தங்கச்சி இல்லையா?"ம்பாங்க. எதிர்த்த வீட்டு ஆச்சி கதாசிரியருக்கு வக்காலத்து வாங்குவாங்க. சண்டை சாயங்காலக் காப்பி வரைக்கும் போகும். திட்டின கதையைத்தான் வாராவாரம் கிழிச்சுச் சேர்த்து பைண்டு பண்ணியும் வச்சிருந்தாங்க. பிடிக்காத கதைக்கு அப்பத்தா சண்டையே போட மாட்டாங்க, தூங்கிருவாங்க.

1939-லிருந்து கம்பன் விழா நடக்குற காரைக்குடியில் இருந்து பேசுறேன். ஒரே பாட்டுக்கு ரெண்டு பேர் ரெண்டு பொருள் சொல்லி மேடையில் மல்லுக்கட்டிட்டு ஒரே பந்தியில் உக்காந்து சாப்பிட்டதைப் பார்த்து வளர்ந்தவ நான். கம்பர் ஸ்ரீரங்கத்தில் அரங்கேத்தினப்பவே சபையில் ஆட்சேபம் கிளம்புச்சுன்னுதானே கதை இருக்கு? அச்சுக்கு முன்னாடி படிக்கிறதும் அரங்கேற்றம்தான். ஆட்சேபம் சொன்னவங்களைச் சபையிலிருந்து தூக்கி வெளியில் போட்டதா நான் எந்தக் கதையிலயும் கேட்டதில்லை.

எங்க வீடு மட்டும் எல்லாருக்கும் வேணும். சினிமாக்காரங்களுக்கு முகப்பு வேணும், கல்யாண போட்டோ எடுக்குறவங்களுக்கு ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரை வேணும். எங்க ஊரில் பழைய சாமான் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்க, பர்மாத் தேக்கு நிலைக்கதவு, மரவை, மங்குச் சாமான், யாரோ ஒருத்தி சீரா கொண்டு வந்த வாளி, எல்லாத்துக்கும் விலைச்சீட்டு ஒட்டிக் கிடக்கு. பங்காளிக்குள்ள பங்கு பிரிக்க முடியாம வித்தோம், அது எங்க தலையெழுத்து, அதுக்கு யாரையும் குத்தம் சொல்லலை. நாவல்காரருக்கும் அந்தத் தூணும் கதவும் வேணும், பக்கம் பக்கமா வர்ணிக்கிறார். வீட்டுக்குள்ள உயிரோட இருக்கிறவ வாயைத் திறந்தா மட்டும் சீடை உருட்டப் போகணும்.

ஆமா, கோபமாத்தான் எழுதுறேன். பலகாரம் போட்டுத்தான் ரெண்டு பிள்ளையைப் படிக்க வச்சேன், அந்தக் காசில்தான் புத்தகமும் வாங்குறேன், இந்தப் புத்தகத்துக்கும் கட்டியிருக்கேன். படிக்கக் கூப்பிட்டாங்க, படிச்சேன். அதுக்கு மேல நான் ஒண்ணும் பண்ணலை.

மீதி அத்தியாயங்கள் போனில் இருக்கு, ராத்திரி பாகு வேலை முடிஞ்சதும் படிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த மாமியாரை ரொம்ப நல்லா எழுதியிருக்கார். விட்டிருந்தா ஞாயித்துக்கிழமை அதைத்தான் முதல்ல சொல்லியிருப்பேன். புத்தகம் கைக்கு வந்ததும் நோன்பு எந்த மாசம்னு பார்த்துட்டு எழுதுறேன்.

கமெண்டில் "விடுங்க ஆச்சி, பெரிய மனசு பண்ணுங்க"ன்னு எழுத வர்றவங்க தயவுசெஞ்சு எழுதாதீங்க. அந்தக் குழுவில் நீங்களும்தானே இருக்கீங்க, அங்கே போய் எழுதுங்க.