டிரம்முக்குள் தண்ணி விடாதீங்கய்யா!

நேற்று மறுபடியும் அதே கூத்து. மூன்றாம் மாடித் தளத்துக்கு எம் 25 ரகக் கான்கிரீட், ஆறு கியூபிக் மீட்டர் ஏற்றிய மிக்சர் வண்டி டிராஃபிக்கில் மாட்டி வந்து சேர்வதற்குள் வெயில் ஏறி, சரக்கு கொஞ்சம் இறுகிப்போயிருந்தது. ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகியிருக்கிறது என்ற அளவு) பார்க்க நான் கோனைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால், ஓஸ் டிரம்முக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது! "பம்ப்புல ஏறாது சார், லேசா தண்ணி காட்டினா போதும்" என்கிறார் மேஸ்திரி. ஓடிப்போய் நிறுத்துவதற்குள் நூறு லிட்டராவது போயிருக்கும். வண்டியைத் திருப்பி அனுப்பச் சொன்னேன், கான்ட்ராக்டர் காதிலேயே வாங்கவில்லை.

லேசாவா? அந்த மிக்ஸில் ஒரு கியூபிக் மீட்டருக்கு 340 கிலோ சிமென்ட், 160 லிட்டர் தண்ணீர், அதாவது தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.47. நூறு லிட்டர் விட்டால் 0.52 ஆகிவிடும், பலம் குறையும். மிதமான சூழலுக்கே கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் உச்சம் 0.50 தான்!

இத்தனைக்கும் பிளான்ட்டிலிருந்து அட்மிக்சர் (கலவையை இளக்கும் ரசாயனம்) கேன் கூடவே வந்திருந்தது. அதைத் தொடத்தான் எல்லோருக்கும் பயம். "கெமிக்கல் வேணாம் தம்பி, கம்பி துருப்பிடிச்சிடும்" என்கிறார் வீட்டுக்காரர். ஐயா, கம்பியை அரிப்பது குளோரைடு கலந்த சரக்கு, இது பி.சி.இ. (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) என்ற வேறு சரக்கு. சிமென்ட் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுவில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், இது அவற்றைப் பிரித்துவிடுகிறது, சிக்கியிருந்த தண்ணீர் வெளியே வந்து கலவை இளகுகிறது, அவ்வளவுதான்.

தண்ணி விட்டால் பம்ப் நன்றாக ஓடும் என்பதே முதலில் தப்பு. அழுத்தம் ஏறியதும் தண்ணீர் முன்னால் ஓடிவிடும், ஜல்லி பைப் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். நேற்றும் அதேதான், பைப்பைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தேன், சிமென்ட் பாலே இல்லை, கழுவி எடுத்த மாதிரி வெறும் ஜல்லி. அடைப்பெடுக்க முக்கால் மணி நேரம், அதற்குள் மேலே போட்டது இறுகத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது வண்டிக்கு நான் யாரையும் கேட்கவில்லை. பிளான்ட் க்யூ.சி.யிடம் (தரம் பார்ப்பவரிடம்) போனில் அளவு கேட்டு (கண்மூடித்தனமாக ஊற்றினால் இதுவும் ஜல்லியைப் பிரித்துவிடும், செட் ஆகவும் இழுக்கும்) அட்மிக்சரை ஊற்றி ஐந்து நிமிஷம் டிரம்மை வேகமாகச் சுற்ற விட்டேன். ஸ்லம்ப் 90 மி.மீ.யிலிருந்து 140 ஆனது. ஒரு சொட்டுத் தண்ணி சேர்க்கவில்லை, கடைசி வரை அடைக்கவும் இல்லை.

இரண்டு வண்டியிலும் எடுத்த கியூப்கள் (பலம் சோதிக்கும் கான்கிரீட் கட்டிகள்) தண்ணீர்த் தொட்டியில் கிடக்கின்றன. ஏழாம் நாள் உடைக்கும்போது மேஸ்திரியையும் வீட்டுக்காரரையும் பக்கத்திலேயே நிற்க வைக்கப் போகிறேன்.